நூல் கோக்காத ஊசி

கன்னடம் எனக்குப் பேச வரும்,
சண்டை போடவும் வரும்.
இருபது வருஷம் ஆட்டோ ஓட்டியவனுக்கு
மீட்டருக்கு மேலே பத்து கேட்கவும் வரும்.
வாசிக்க வராது.
அதனால் அந்தத் தாளில் என்ன இருந்ததென்று
தெரியாது எனச் சொல்லிக்கொள்ளலாம்.

தெரியும்.
ரைட்டர் தமிழிலேயே சொன்னார், தன்மையாகத்தான்:
இனிமேல் வீட்டில் ஆள் சேர்த்து ஜெபம் வைக்க மாட்டோம்.
இங்கே ஒன்று, இங்கே ஒன்று.
பேனா மூடியையும் அவரே கழற்றிக் கொடுத்தார்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.
ஹொங்கசந்திராவில் பத்துக்குப் பன்னிரண்டு அறை.
பதினோரு பேர்.
ஷிப்ட் முடிந்து நேராக வந்த கார்மெண்ட்ஸ் பெண்கள்,
தலைமுடியில் பஞ்சுத்தூசி.
இரண்டாம் பாட்டில் கதவு விழுந்தது.
குறுக்கே நின்றவளுக்கு ஓர் அறை.
கஞ்சிராவை ஒருவன் மிதித்தான்,
தகடுகள் கட்டிலுக்கடியில் ஓடின.
மறுநாள் பெருக்கும்போது ஐந்துதான் கிடைத்தது.
புத்தகங்களை வாளியில் அமுக்கினார்கள்.
குடிக்கப் பிடித்து வைத்த காவேரித் தண்ணீர்,
இரண்டு நாளைக்கு ஒருமுறை வருவது.

ஸ்டேஷனில் அவளைக் கேட்டார்கள்: பெயர்?
தபீத்தாள்.
கார்டில் தாமரைச்செல்வி என்றிருக்கிறதே?
அதுவும் நான்தான்.
(ஞானஸ்நானத்தில் அவளே கேட்டு வாங்கிய பெயர்.
துணி தைத்தவள் பெயராம்.)
மாறுவதற்கு எவ்வளவு கொடுத்தார்கள்?
அவள் யோசித்தாள்,
நிஜமாகவே கணக்குப் பார்க்கிறவள்போல.
காணிக்கை மாதம் ஐம்பது,
பாய் வாங்கியது முந்நூறு,
நான்தான் சார் கொடுத்திருக்கிறேன்.
யாரோ சிரித்தார்கள்.
பிறகு யாரும் சிரிக்கவில்லை.

நான் கையெழுத்துப் போட்டேன்.
இரண்டு இடத்திலும். கேட்காமலே தேதியும்.
மகளின் பரீட்சை, வீட்டு ஓனர், வண்டி பர்மிட்,
எல்லாம் எனக்கு முன்னால் வரிசையில் நின்று
போட்டுவிட்டுப் போயிருந்தன.
அவள் போடவில்லை.
பெஞ்சில் உட்கார்ந்து
பிரிந்திருந்த முந்தானை ஓரத்தை
விரலாலேயே மடித்து மடித்து அழுத்திக்கொண்டிருந்தாள்,
ஊசி எங்கேயோ வந்துகொண்டிருப்பதுபோல.
இரவு இரண்டு மணிக்குப் போகச் சொன்னார்கள்.

வழியில் கோழிக்கடை.
கூண்டுக்குள் கூண்டாக பிராய்லர்கள்.
கூவுமோ என்று வண்டியை மெதுவாக்கினேன்.
பிராய்லர் கூவாது.
கூவுகிற வயது வருவதற்குள்
தராசுக்கு வந்துவிடும்.
பின்சீட்டில் அவள் தூங்கிப்போயிருந்தாள்.
கன்னத்தில் நாலு விரல்.

வீட்டுக்கு வந்தும் ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

அடுத்த செவ்வாய் பாயை விரித்தாள்.
நாலு பேர் வந்தார்கள்.
சத்தம் சந்துக்குப் போகாதிருக்க
யோசனை சொன்னவன் நான்:
அவளுடைய தையல் மெஷினை நான் மிதிக்கிறேன்.
எனக்குத் தைக்கத் தெரியாது.
நூல் கோக்காமல்
பழைய தலையணை உறையைக் கொடுத்து மிதித்தேன்.
கடகடவென்று நல்ல சத்தம்.
துணி நெடுகத் துளை,
ஒரு தையல் இல்லை.

அவள் ஜெபித்தாள்.
காய்ச்சலில் கிடக்கும் சூப்பர்வைசருக்காக.
மகளின் கணக்குப் பரீட்சைக்காக.
பிறகு, தன்னை அறைந்தவனின் பெயரைச் சொன்னாள்.
ஸ்டேஷனில் கூப்பிட்டபோது கேட்டு வைத்திருக்கிறாள்,
லோஹித்.
மூச்சு விடாமல் அடுத்தது என் பெயர்.
இரண்டு பேருக்கும் இரங்கும் ஆண்டவரே,
இரண்டு பேரும் பயந்து போயிருக்கிறார்கள்.

எனக்குக் கோபம் வந்தது.
அவனும் நானும் ஒரே வரியிலா?
ஓங்கி மிதித்தேன்.
ஊசி முறிந்தது.

அதற்குள் பாட்டைத் தொடங்கிவிட்டார்கள்.
வேறு ஊசி டப்பாவில் இருக்கிறது, எனக்குத் தெரியும்.
சந்தில் யாரோ பைக்கை நிறுத்துகிற சத்தம்.
டப்பாவை நான் திறக்கவில்லை.
தோல் கிழிந்த கஞ்சிராவை எடுத்தேன்.
அவள் கம்பியால் கோத்து வைத்திருந்த ஐந்தே தகடு.
எனக்கு எப்போதுமே தாளம் கொஞ்சம் முந்தும்.